மின்கையொப்ப ஆவணம் சரிபார்ப்பில் தடுமாறினால்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மின்கையொப்பமிட்ட ஒரு பிடிஎஃப் ஆவணத்தைத் திறந்தவுடன் மென்பொருள் காட்டும் பச்சை டிக், மஞ்சள் முக்கோணம், சிவப்புப் பெருக்கல் குறி ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்தே அந்த ஆவணம் மெய்யா போலியா என்று பெரும்பாலோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த ஒரே குறிக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகளின் விடைகள் அடங்கியிருக்கின்றன: கையொப்பத்துக்குப் பின் கோப்பு மாறியிருக்கிறதா, கையொப்பமிட்ட திறவுகோல் (கையொப்பமிடப் பயன்படும் ரகசிய எண்ணிமத் தரவு) யாருடையது, கையொப்பம் எப்போது இடப்பட்டது. இவற்றில் எதில் சிக்கல் என்று தெரியாமல் தீர்வு தேடினால், நல்ல ஆவணத்தைப் போலி என்று ஒதுக்கவும் நேரும்; போலியை நம்பகமானது என்று நாமே குறித்துவைக்கவும் நேரும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியும் எந்தக் கேள்வியைச் சேர்ந்தது என்பதை முதலில் பிரித்துவிட்டு, அதன் பிறகே தீர்வுக்குப் போகிறேன்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியது

எந்தச் சோதனைக்கும் முன்னர், ஆவணம் கைக்கு வந்த வடிவத்திலேயே ஒரு பிரதியைத் தனியே எடுத்து, மாற்ற முடியாதபடி பூட்டிவையுங்கள். சோதனைகள் எல்லாம் வேறொரு பிரதியில்தான் நடக்க வேண்டும், ஏனெனில் சில மென்பொருள்களில் கோப்பைத் திறந்து ‘சேமி’ என்று அழுத்துவதே பைட்டுகளை மாற்றிவிடும். பூட்டிவைத்த பிரதிக்கு எஸ்எச்ஏ-256 ஹேஷ் மதிப்பை (கோப்பின் பைட்டுகளிலிருந்து பெறப்படும், கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளத் தொடரை) கணக்கிட்டு, அந்த 64 எழுத்துகளையும், எடுத்த நாளையும் நேரத்தையும், ஆவணம் எந்த வழியாக வந்தது என்பதையும் எழுதிவையுங்கள். மின்னஞ்சலில் வந்ததாக இருந்தால் இணைப்பை மட்டும் பிரித்தெடுக்காமல், தலைப்புப் பகுதிகளோடு கூடிய முழு மின்னஞ்சலையும் கோப்பாகச் சேமியுங்கள். பின்னொரு நாளில் யாரேனும் மறுக்கும்போது, அன்று கிடைத்த கோப்பும் இன்று காட்டும் கோப்பும் ஒன்றே என்று நிறுவ இந்தக் குறிப்பு வேண்டும்.

அறிகுறி 1: கையொப்பம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சரிபார்க்க எதுவும் இல்லை

முதலில் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். உலாவிக்குள் திறக்கும் பார்ப்பான்களும் கைபேசிச் செயலிகளும் பல நேரங்களில் கையொப்பத்தின் தோற்றத்தை மட்டும் வரைந்துகாட்டும். அதற்குப் பின்னால் உள்ள குறியாக்கத் தரவைப் படிக்கமாட்டா. கையொப்பங்களைச் சரிபார்க்கும் வசதியுள்ள கணினி மென்பொருளில் கையொப்பப் பட்டி காலியாகவே இருந்தால், அந்தக் கோப்பில் எண்ணிமக் கையொப்பம் என்று எதுவும் இல்லை என்று பொருள்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மெய்யான கையொப்பம் இருந்த கோப்பை இடையில் யாரோ ‘பிடிஎஃப் ஆக அச்சிடு’ என்று புதிதாக உருவாக்கியிருக்கலாம், அல்லது வேறு கோப்புகளோடு இணைத்திருக்கலாம், பக்கங்களைப் பிரித்திருக்கலாம், அளவைச் சுருக்கியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் கையொப்பத்தைக் களைந்து, அதன் படத்தை மட்டும் விட்டுவைக்கக் கூடியவை. இழந்ததை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. கையொப்பமிட்டவரிடமோ முதலில் பெற்றவரிடமோ மூலக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். காகிதத்தில் அச்சிட்ட பிரதிக்கும் இதே நிலைதான்: ‘எண்ணிம முறையில் கையொப்பமிடப்பட்டது’ என்ற வரி அதில் அழகாக அச்சாகியிருந்தாலும், அந்த வரியை எவரும் தட்டச்சு செய்துவிட முடியும்.

மற்றொரு காரணம், தொடக்கத்திலேயே ஒருவர் தம் கையெழுத்தின் படத்தை ஆவணத்தில் ஒட்டி அனுப்பியிருப்பது. பல நாடுகளின் சட்டங்கள் இத்தகைய கையொப்பத்தை முற்றிலும் செல்லாது என்று தள்ளிவிடுவதில்லை. ஆனால் கோப்பு தன்னைத் தானே நிரூபிக்காது என்பதால் சுமை முழுவதும் சூழ்நிலைச் சான்றுகளின் மேல் விழுகிறது: யாருடைய மின்னஞ்சலிலிருந்து வந்தது, முன்னும் பின்னும் என்ன கடிதப் போக்குவரத்து நடந்தது, ஒப்பந்தப்படி இரு தரப்பும் நடந்துகொண்டனவா என்பவற்றையெல்லாம் திரட்ட வேண்டும்.

ஆவணத்தில் க்யூஆர் குறியீடு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அது சோதிப்பது கையொப்பத்தை அல்ல, வழங்கியவரின் பதிவேட்டை. ஆகவே அது அழைத்துச்செல்லும் இணைய முகவரி உண்மையில் வழங்கிய அமைப்புக்குரியதா என்று பாருங்கள். அங்கே ‘செல்லும்’ என்று வருவதோடு நின்றுவிடாமல், பெயர், நாள், தொகை உட்பட அங்குள்ள விவரங்கள் ஆவணத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்றும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

அறிகுறி 2: ‘செல்லுபடித்தன்மை தெரியவில்லை’ என்று மஞ்சள் எச்சரிக்கை வருகிறது

மிகுதியாகக் காணப்படும் அறிகுறி இதுவே. மிகுதியாகத் தவறான ஆலோசனை வழங்கப்படுவதும் இதற்குத்தான். இது அடையாளக் கேள்வியைச் சேர்ந்தது. திறவுகோல் இன்னாருடையது என்று கூறும் கையொப்பமிட்டவரின் சான்றிதழை ஓர் இடைநிலைச் சான்றிதழ் உறுதிசெய்கிறது, அதை இன்னொன்று உறுதிசெய்கிறது, இறுதியில் ரூட் சான்றிதழ் ஒன்றில் அந்தச் சங்கிலி முடிகிறது. அந்த ரூட் சான்றிதழ் உங்கள் மென்பொருளின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாவிட்டால் மஞ்சள் எச்சரிக்கை தோன்றும். அடோபி ரீடர் தனக்கென்று ஓர் அங்கீகரித்த பட்டியலை வைத்திருக்கிறது. வேறு சில மென்பொருள்கள் இயங்குதளத்தின் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. ஒரே கோப்பு ஒரு கணினியில் பச்சையாகவும் மற்றொன்றில் மஞ்சளாகவும் தெரிவது இதனால்தான். கோப்பில் எந்த வேறுபாடும் இல்லை.

தீர்வை இந்த வரிசையில் தேடுங்கள். மென்பொருளையும் அதன் நம்பிக்கைப் பட்டியலையும் முதலில் புதுப்பியுங்கள். அதன் பிறகும் எச்சரிக்கை நீடித்தால், கையொப்பப் பண்புகளுக்குள் சென்று சான்றிதழ்ச் சங்கிலியைத் திறந்து, அது எத்தனை படிகள் கொண்டது, உச்சியில் இருப்பது யார் என்று பாருங்கள். சங்கிலியில் ஒரே ஒரு சான்றிதழ் மட்டும் இருந்து, வழங்கியவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒன்றாகவே இருந்தால், அது தனக்குத் தானே வழங்கிக்கொண்ட சான்றிதழ். அப்படிப்பட்ட ஒன்றை எவரும் எந்தப் பெயரிலும் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம் என்பதால், அதில் எழுதியுள்ள பெயரை ஆதாரமாகக் கொள்ள முடியாது. சங்கிலி நடுவில் அறுந்திருந்தால், இடைநிலைச் சான்றிதழைக் கோப்பில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அதை எங்கிருந்து பெறுவது என்ற முகவரி பெரும்பாலும் சான்றிதழுக்குள்ளேயே இருக்கும். அலுவலக ஃபயர்வால் அந்த முகவரியைத் தடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கிலி முழுமையாக இருந்து, உச்சியில் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் ஒன்றின் பெயரும் இருந்தால், அதன் ரூட் சான்றிதழை அந்த நிறுவனத்தின் அல்லது அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, விரல்தடம் எனப்படும் அதன் ஹேஷ் மதிப்பை ஆவணத்தில் உள்ள சான்றிதழின் மதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று உறுதியான பிறகே நம்பிக்கைப் பட்டியலில் சேருங்கள். கையொப்பத்தின் மேல் வலச்சொடுக்கி ‘இந்தச் சான்றிதழை நம்பு’ என்று கொடுத்தால் பச்சை டிக் வந்துவிடும் என்று பல உதவிப் பக்கங்கள் சொல்கின்றன. வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஆவணத்துக்குள் இருக்கும் சான்றிதழைக் கொண்டே அந்த ஆவணத்துக்குச் சான்று தருகிறோம். போலிச் சான்றிதழானாலும் அதே பச்சை டிக் வரும். அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி 3: ‘கையொப்பமிட்ட பின் ஆவணம் மாற்றப்பட்டுள்ளது’

கேட்டவுடன் அச்சமூட்டும் செய்தி இது; ஆனால் ஒரே செய்திக்குள் மிக வேறுபட்ட இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியப் பிடிஎஃப் கையொப்பம் இயங்கும் விதத்தைச் சற்று அறிய வேண்டும். கையொப்பத் தரவு வைக்கப்படும் இடம் ஒன்றைத் தவிர்த்து, கோப்பின் மற்ற எல்லா பைட்டுகளுக்கும் ஹேஷ் மதிப்பு கணக்கிடப்பட்டு, அது கையொப்பமிடுபவரின் தனித் திறவுகோலால் முத்திரையிடப்படுகிறது. எந்தெந்தப் பகுதிகள் கணக்கில் சேர்ந்தன என்பது நான்கு எண்களாகக் கோப்பிலேயே குறிக்கப்படுகிறது. இதற்குப் பிறகு அந்தப் பைட்டுகளில் ஒன்றே ஒன்று மாறினாலும் ஹேஷ் பொருந்தாது. ஆனால் பழைய பைட்டுகளைத் தொடாமல், கோப்பின் இறுதியில் புதிய பகுதியைச் சேர்க்கவும் பிடிஎஃப் இடம் கொடுக்கிறது. இரண்டாமவர் கையொப்பமிடுவதும், படிவத்தின் காலியிடங்களை நிரப்புவதும், நேரமுத்திரை சேர்ப்பதும் இந்த வழியில்தான் நடக்கின்றன.

ஆகவே முதல் நிலைமை: முத்திரையிட்ட பகுதி அப்படியே இருக்கிறது, பின்னால் ஏதோ சேர்ந்திருக்கிறது. இதில் கையொப்பம் உடையவில்லை. ‘கையொப்பமிட்ட பதிப்பைக் காட்டு’ என்ற வசதியைப் பயன்படுத்தி, கையொப்பமிட்ட நேரத்தில் ஆவணம் எப்படி இருந்தது என்பதைத் திறந்து, இன்றைய வடிவத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். கையொப்பமிட்டவர் ஒப்புக்கொண்டது அந்தப் பழைய பதிப்பை மட்டுமே. ஆவணத்தை உருவாக்கியவர் சான்றுறுதிக் கையொப்பம் இட்டிருந்தால், பின்னர் எவ்வகை மாற்றம் அனுமதிக்கப்படும் என்பதை மூன்று நிலைகளில் ஒன்றாகக் குறித்திருப்பார்: எந்த மாற்றமும் கூடாது, படிவம் நிரப்புவதும் கையொப்பமிடுவதும் மட்டும் கூடும், அவற்றோடு குறிப்புரைகளும் கூடும். சேர்ந்திருக்கும் மாற்றம் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாம் நிலைமை: முத்திரையிட்ட பகுதியின் ஹேஷே பொருந்தவில்லை. இது திட்டமிட்ட திருத்தமாக இருக்கலாம். இடைப்பட்ட ஓர் இயந்திரத்தின் வேலையாக இருப்பதற்கும் அதே அளவு இடமுண்டு. ஆவண மேலாண்மை மென்பொருள் பக்க எண்ணையோ வரவு முத்திரையையோ பதித்து முழுக் கோப்பையும் புதிதாக எழுதியிருக்கலாம். கோப்புப் பரிமாற்றம் உரை முறையில் நடந்து வரிமுடிவுக் குறிகள் மாறியிருக்கலாம். பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கலாம். எக்ஸ்எம்எல் ஆவணமாக இருந்தால், படிக்க வசதியாக யாரோ வரிகளை ஒழுங்குபடுத்தி இடைவெளிகளைச் சேர்த்ததே போதும், கையொப்பம் முறிந்துவிடும். அனுப்பியவரிடமிருந்து அதே கோப்பை வேறொரு வழியாக மீண்டும் பெற்று, கோப்பின் அளவையும் ஹேஷையும் ஒப்பிடுங்கள். புதிதாக வந்தது சரிபார்ப்பில் தேறினால், பழையது எந்தக் கட்டத்தில் சிதைந்தது என்பதைப் படிப்படியாகப் பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிக்கலாம். தேறிய கோப்பு கிடைக்கும் வரை, கையில் உள்ள சிதைந்த கோப்பின் உள்ளடக்கத்தை எந்த முடிவுக்கும் அடிப்படையாகக் கொள்ளாதீர்கள். அனுப்பியவர்மேல் மோசடிக் குற்றம் சுமத்தவும் செய்யாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: மாற்றம் நடந்தும் மென்பொருள் அதைக் காட்டாமல் விடலாம். 2019ஆம் ஆண்டு ஜெர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 கணினிப் பார்ப்பான் மென்பொருள்களைச் சோதித்தபோது, 21 மென்பொருள்களை ஏதேனும் ஒரு வகையில் ஏமாற்றி, மாற்றிய ஆவணத்தைச் செல்லும் கையொப்பத்தோடு காட்டவைக்க முடிந்தது. அதற்கடுத்த ஆய்வில், கையொப்பத்துக்கு முன்பே மறைத்துவைத்த உள்ளடக்கத்தைப் பின்னர் வெளிப்படுத்தும் தாக்குதலையும் அதே பல்கலைக்கழகத்தினர் விளக்கினர். தயாரிப்பாளர்கள் இவற்றுக்குத் திருத்தங்கள் வெளியிட்டதால், பழைய பதிப்பு மென்பொருளை வைத்துச் சரிபார்ப்பது இடர்மிக்கது. பெருமதிப்புள்ள ஆவணமாக இருந்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சரிபார்ப்புக் கருவிகளில் சோதித்து, கையொப்பம் முழு ஆவணத்தையும் உள்ளடக்குகிறதா என்ற வரியை இரண்டிலும் படியுங்கள்.

அறிகுறி 4: சான்றிதழ் காலாவதியாகிவிட்டது

இது காலக் கேள்வி. சான்றிதழ் இன்று காலாவதியானதால் அன்று இட்ட கையொப்பம் செல்லாமல் போவதில்லை. கையொப்பம் இட்டபோது அது நடப்பில் இருந்ததா என்பதுதான் பொருட்டு. சிக்கல் என்னவென்றால், ‘அன்று’ என்பது எந்நாள் என்று எப்படி நிரூபிப்பது? கையொப்பத்தில் தெரியும் நேரம் பல கோப்புகளில் கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரத்திலிருந்து வந்தது; அதைப் பின்னோக்கித் திருப்பிவைப்பது எளிது.

நம்பகமான நேரம் என்பது, நேரமுத்திரை வழங்கும் தனி அமைப்பு ஒன்று தன் சொந்தக் கையொப்பத்தோடு தருவது. 2001இல் வெளியான ஆர்எஃப்சி 3161 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கான நெறிமுறையை வகுத்தது. கையொப்பப் பண்புகளில் நேரம் கணினிக் கடிகாரத்திலிருந்து வந்ததா, நேரமுத்திரையிலிருந்து வந்ததா என்று மென்பொருள் குறிப்பிடும். அதைத் தவறாமல் பாருங்கள். சரிபார்ப்புக்கு எந்த நேரத்தை அடிப்படையாகக் கொள்வது என்ற அமைப்பும் மென்பொருளில் இருக்கும். அது ‘தற்போதைய நேரம்’ என்று வைக்கப்பட்டிருந்தால், பழைய நல்ல கையொப்பங்கள் எல்லாம் காலாவதியானவையாகவே தெரியும்.

பேட்ஸ் எனப்படும் பிடிஎஃப் கையொப்பத் தரம் இதற்காகவே நான்கு படிகளை வைத்திருக்கிறது. முதற்படியில் வெறும் கையொப்பம். அடுத்ததில் நேரமுத்திரை சேர்கிறது. மூன்றாவதில் சான்றிதழ்கள், அவை ரத்துசெய்யப்பட்டுள்ளனவா என்ற ரத்துநிலை விவரங்கள் எல்லாம் கோப்புக்குள்ளேயே பதிக்கப்படுகின்றன. நான்காவதில் இவை அனைத்தின் மேலும் இன்னொரு நேரமுத்திரை இடப்பட்டு, காலம் செல்லச் செல்ல அது புதுப்பிக்கப்படுகிறது. பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய ஆவணம் முதற்படியிலேயே இருக்கிறதென்றால், சான்றிதழ் நடப்பில் இருக்கும்போதே நேரமுத்திரையும் ரத்துநிலை விவரங்களும் சேர்த்துவிடுங்கள். அது கையொப்பமிட்ட நேரத்தைக் காட்டாது. ஆனால் இந்தக் கையொப்பம் இன்ன நாளுக்கு முன்பே இருந்தது என்பதை உறுதியாக்கும். பெரும்பாலான வழக்குகளில் அதுவே போதும். சான்றிதழ் ஏற்கெனவே காலாவதியாகியிருந்தால், மின்னஞ்சல் சேவையகப் பதிவுகள், அன்றே பிறரிடம் ஒப்படைத்த பிரதிகள் போன்ற வெளிச்சான்றுகளைத்தான் நாட வேண்டும்.

ஹேஷ் முறைகளும் வலுவிழக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2017 பிப்ரவரியில், ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் ஒரே எஸ்எச்ஏ-1 மதிப்பைத் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டுக் காட்டின. எஸ்எச்ஏ-1 கொண்டு கையொப்பமிட்ட பழைய ஆவணங்கள் இருந்தால், வலுவான ஹேஷ் முறையில் அமைந்த நேரமுத்திரையால் அவற்றைத் தாமதமின்றிப் பாதுகாக்க வேண்டும்.

அறிகுறி 5: சான்றிதழ் ரத்து, அல்லது ரத்துநிலை தெரியவில்லை

ரத்துநிலையைச் சோதிக்க முடியவில்லை என்ற செய்தி பெரும்பாலும் வலையமைப்புத் தடையால் வருவது. ரத்தான சான்றிதழ்களைத் தொகுத்து வெளியிடும் சிஆர்எல் பட்டியலோ, ஒரு சான்றிதழின் நிலையைக் கேட்டவுடன் சொல்லும் ஓசிஎஸ்பி சேவையோ இருக்கும் முகவரிக்கு உங்கள் கணினி சென்றடைகிறதா என்று பாருங்கள். ‘சோதிக்க முடியவில்லை’ என்பதை ‘ரத்தாகவில்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரத்து உறுதியானால், ரத்தான நேரத்தையும் காரணத்தையும் படியுங்கள். பணியிலிருந்து விலகியதால் ரத்தானது என்றால், அதற்கு முந்தைய நேரமுத்திரையுள்ள கையொப்பங்களுக்குப் பாதிப்பில்லை. திறவுகோல் களவுபோனது காரணம் என்றால், களவு நடந்ததாகக் கருதப்படும் நாள் ரத்தான நாளுக்கு முந்தையதாகவும் இருக்கலாம்; அந்த இடைவெளியில் இட்ட ஒவ்வொரு கையொப்பமும் ஐயத்துக்குரியது. பலர் கவனிக்காத இன்னொன்று: காலாவதியான சான்றிதழ்களைச் சிஆர்எல் பட்டியலிலிருந்து நீக்கிவிட அனுமதி உண்டு. ஆகவே காலாவதியான ஒரு சான்றிதழ் இன்றைய பட்டியலில் இல்லை என்பது, அது என்றுமே ரத்தாகவில்லை என்பதற்குச் சான்றாகாது.

அறிகுறி 6: சான்றிதழில் கையொப்பமிட்டவர் பெயருக்குப் பதில் ஒரு நிறுவனத்தின் பெயர்

இணையவழிக் கையொப்பச் சேவைகள் பலவற்றில் இது இயல்பு. கையொப்பமிடுபவர் இணைப்பைச் சொடுக்கிப் பெயரைத் தட்டச்சு செய்கிறார். ஆவணத்தைச் சேவை நிறுவனம் தன் சான்றிதழால் முத்திரையிடுகிறது. அந்த முத்திரை, ஆவணம் பின்னர் மாறவில்லை என்பதை மட்டுமே உறுதிசெய்யும். கையொப்பமிட்டவர் யார் என்பதற்கான ஆதாரம் நடவடிக்கைப் பதிவில் இருக்கிறது: எந்த மின்னஞ்சலுக்கு இணைப்பு போனது, எந்த ஐபி முகவரியிலிருந்து எப்போது திறக்கப்பட்டது, ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கப்பட்டதா என்பவை அதில் பதிவாகியிருக்கும். நடவடிக்கைப் பதிவில் உள்ள ஆவண எண்ணோ ஹேஷோ உங்கள் கையில் உள்ள கோப்போடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டையும் சேர்த்தே சேமியுங்கள். சேவைக் கணக்கு முடிந்துவிட்டால் பதிவும் கிடைக்காமல் போகலாம் என்பதால், கையொப்பம் முடிந்த அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது.

அறிகுறி 7: எல்லாம் பச்சை, ஆனால் கையொப்பமிட்டவர் மறுக்கிறார்

இங்கே மென்பொருளின் வேலை முடிந்து சான்றுகளின் வேலை தொடங்குகிறது. பச்சை டிக் காட்டுவது ஒரு குறிப்பிட்ட திறவுகோல் பயன்படுத்தப்பட்டது என்பதை. அதைப் பயன்படுத்திய கை யாருடையது என்பதை அல்ல. ஐநாவின் வணிகச் சட்ட ஆணையம் 2001இல் வகுத்த மின்கையொப்ப மாதிரிச் சட்டம், கையொப்ப நம்பகத்தன்மைக்கான நிபந்தனைகளுள் ஒன்றாக, கையொப்பமிடும் நேரத்தில் அந்தத் தரவு கையொப்பமிடுபவரின் கட்டுப்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதை வைக்கிறது. உண்மையான வாதம் பெரும்பாலும் இந்தப் புள்ளியில்தான் நடக்கும்.

எனவே திறவுகோல் எங்கே இருந்தது என்று விசாரியுங்கள்: கணினியில் செருகும் சிறு கருவியான யுஎஸ்பி டோக்கனிலா, தொலைவிலுள்ள சேவையகத்திலா, கணினியில் வெறும் கோப்பாகவா. டோக்கன் என்றால் அதையும் அதன் ‘பின்’ எனப்படும் ரகசிய எண்ணையும் உதவியாளர் எவரேனும் வைத்திருந்தாரா? சேவையகம் என்றால், அன்றைய உள்நுழைவுப் பதிவைக் கேட்டுப் பெறுங்கள். சான்றிதழில் உள்ள பெயர் பொதுவான பெயராக இருந்தால், வரிசை எண், மின்னஞ்சல், அமைப்பின் பெயர் ஆகியவற்றை வைத்து அது இவருடையதே என்று நிறுவுங்கள். சான்றிதழ் வழங்கும் முன் எவ்வகை அடையாளச் சோதனை நடந்தது என்பதைச் சான்றளிப்பு நிறுவனத்தின் வெளியிட்ட நடைமுறை விதிகளில் காணலாம்.

நீதிமன்றத்திலோ நடுவரிடமோ ஒப்படைக்கும்போது அச்சுப் பிரதியையோ பச்சை டிக்கின் திரைப்பிடிப்பையோ மட்டும் கொடுக்காதீர்கள். மூலக் கோப்பு; அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பு; எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்த நேரத்தில் சரிபார்க்கப்பட்டது என்பதைக் காட்டும் முழு அறிக்கை; சான்றிதழ்ச் சங்கிலி; கோப்பு யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்ற குறிப்பு ஆகியவற்றை ஒன்றாக ஒப்படையுங்கள். எதிர்த்தரப்பு வல்லுநர் தம் கணினியில் அதே சோதனையைச் செய்து அதே முடிவுக்கு வர இவை போதும். ஹேஷ் மதிப்பு ஒத்திருந்தால், இரு தரப்பும் ஒரே கோப்பைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதில் தகராறு எழாது.